நடக்காத கூட்டங்களின் குறிப்பேடு

ஜனவரி 7, புதன்

முதல்வர் அறைக்கு அழைப்பு. இருபத்தாறு ஆண்டுப் பணியில் முதல்வர் அறைக்குப் போய் நல்ல செய்தியோடு திரும்பியதில்லை. அந்த மரபு இன்றும் காக்கப்பட்டது.

பிப்ரவரி 25 அன்று தர மதிப்பீட்டுக் குழு எங்கள் கல்லூரிக்கு வருகிறது. மாணவர் குறைதீர் மற்றும் நலக் குழு ஆண்டுக்கு ஆறு முறை வீதம் மூன்று ஆண்டுகள் கூடியதற்கான நடவடிக்கைக் குறிப்பேட்டைக் காட்ட வேண்டும். குழு ஒருமுறைகூடக் கூடவில்லை. அப்படியொரு குழு இருப்பதும், கடந்த ஜூனில் மாறுதலில் வந்த நாள் முதல் நான் அதில் உறுப்பினர் என்பதும் இன்றுதான் தெரிந்தது.

“நீங்க நல்லா எழுதுவீங்கன்னு சொல்றாங்க சார். நடந்ததைன்னா யார் வேணா எழுதிடுவாங்க,” என்றார் முதல்வர் அம்மையார்.

இலக்கியம் பற்றி இதைவிடச் சுருக்கமான வரையறையை நான் கேட்டதில்லை. ஒருங்கிணைப்பாளர் என்று ஒரு பட்டமும், தரைத்தளத்தில் மூன்றாம் எண் அறையும் தந்தார். கல்லூரியில் இருப்பது இரண்டு ஏசி. அதில் ஒன்று அந்த அறையில். ஒப்புக்கொண்டேன்.

ஜனவரி 8, வியாழன்

மூன்றாம் ஆண்டு வரலாறு, இரண்டாம் மாடி. இந்தப் பருவத்தில்தான் இவ்வகுப்பு எனக்கு வந்தது. வருகைப் பதிவின்போது ஒவ்வொருவராக எழுந்து “உள்ளேன் ஐயா” என்கிறார்கள். பத்தொன்பதாம் எண் மட்டும் உட்கார்ந்தபடியே சொல்கிறது. ஒரு மாதமாகப் பார்த்துப் பொறுத்து, இன்று, “மகாராணியார் சிம்மாசனத்தைவிட்டு எழுவதில்லை போலும்” என்றேன். சொற்கள் சரியாக அமைந்தன, தொனியும் அமைந்தது. யாரும் சிரிக்கவில்லை, கடைசி வரிசைகூட. கல்லூரிகளில் நகைச்சுவை உணர்வு அருகிவருவதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதலாம்.

மாலையில் ரேஷன் கடை. கைரேகை விழவில்லை. நான் நானல்ல என்று இயந்திரம் சொல்கிறது.

ஜனவரி 9, வெள்ளி

மூன்றாம் அறையில் குடியேறினேன். அலுவலக உதவியாளர் செபத்தியம்மாள் சாவியோடு வந்தார். மணி அடிப்பதும், அறைகளைத் திறந்து பூட்டுவதும், கோப்புகளைச் சுமப்பதும் அவர் வேலை. என் தேவையைச் சொன்னதும், முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் ஒரு தடித்த பதிவேட்டைக் கொண்டுவந்து வைத்தார்.

“இது மூணு வருசத்துக்கு முன்னால வாங்கினது சார். ஓரத்துல பூச்சி அரிச்சிருக்கு. ஒரிஜினல் மாதிரியே இருக்கும். பேனா நாலு கலர்ல கொண்டாந்திருக்கேன். ஒரே பேனாவுல மூணு வருசம் எழுதுனா நல்லாருக்காதுல்லா.”

வரலாற்றுத் துறையில் இப்படி ஆவண அறிவு உள்ளவர் ஒருவரும் இல்லை.

பத்தொன்பதாம் எண் வரவில்லை.

ஜனவரி 12, திங்கள்

பன்னிரண்டு கூட்டங்களை எழுதிவிட்டேன். என்னிடம் வெளிவராத நாவல்கள் இரண்டு இருக்கின்றன. அவற்றை எழுதும்போது கிடைக்காத சரளம் இதில் கிடைக்கிறது. காரணம் எளிது. நாவலை யாராவது வாசித்துவிடுவார்களோ என்ற அச்சம் உண்டு. இதற்கு அந்த ஆபத்து இல்லை.

வெறும் தீர்மானங்களாக இருந்தால் உயிர் இருக்காது. அதனால் ஆட்களை உருவாக்கினேன். விலங்கியல் மாணவர் ஒருவர் குடிநீர்க் குழாயில் பல்லி வந்ததாகப் புகார் செய்கிறார். வேதியியல் மாணவி கழிவறைக்குத் தாழ்ப்பாள் கேட்கிறார். சரியாக நடக்க இயலாத ஒரு மாணவி தினமும் கண்ணீரோடு இரண்டு மாடி ஏறுகிறாள். குழு நெகிழ்ந்து, தரைத்தளத்தின் மூன்றாம் அறையை அவள் வகுப்புக்கு ஒதுக்குகிறது. இருபத்திரண்டாம் தீர்மானம் என்று அதற்கு எண் வைத்திருக்கிறேன். அறை எண்ணை என் மேசையிலிருந்தே எடுத்துக்கொண்டேன்.

பத்தொன்பது இன்றும் இல்லை.

ஜனவரி 20, செவ்வாய்

பொங்கல் விடுமுறை முடிந்தது. பதினெட்டுக் கூட்டங்கள், முப்பத்து நான்கு தீர்மானங்கள். முடித்ததும் ஒரு காப்பியம் முடித்த சோர்வு.

மாணவர் பிரதிநிதி கையெழுத்திட வேண்டும். எங்கள் கல்லூரியில் பிரதிநிதிக்குத் தேர்தல் கிடையாது, நியமனம்தான். தகுதி இரண்டு: நல்ல மதிப்பெண், வாய் திறவாமை. மூன்றாம் ஆண்டு வரலாற்றின் ஆவுடைச்செல்வி இரண்டிலும் முதலிடம். ஒல்லியான பெண். தலையைக் குனிந்தபடி வந்தாள்.

“பதினெட்டு இடம்மா. பென்சிலில் புள்ளி வைத்திருக்கிறேன்.”

“வாசிச்சிட்டுப் போடுதேன் சார்,” என்று பதிவேட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜனவரி 23, வெள்ளி

பேசாதவள் என்றுதான் தேர்ந்தெடுத்தார்கள். வாசிப்பாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

மூன்று நாள் கழித்து வந்தாள். கையெழுத்து இல்லை. நோட்டு ஒன்றில் முப்பத்து நான்கு தீர்மானங்களையும் வரிசைப்படி எழுதி, எதிரே மூன்று கட்டம் போட்டிருந்தாள்: நடந்தது, நடக்கலாம், நடக்காது.

“நடந்ததுன்னு ஒண்ணும் இல்ல சார்.”

“அது ஒரு ஆவணம்மா. எல்லாக் கல்லூரியிலும்...”

“கீழ என் பேரு இருக்குல்லா சார். ‘மாணவர் பிரதிநிதி முன்னிலையில் தீர்மானிக்கப்பட்டது’ன்னு. நாளைக்கு ஒரு பிள்ளை வந்து தாழ்ப்பாள் எங்கக்கான்னு கேட்டா நான் என்ன சொல்ல?” குரலை உயர்த்தவில்லை. “நடக்கலாம்ல இருபத்தேழு இருக்கு. அத முடிச்சிட்டா ஒவ்வொண்ணா போட்டுத் தாரேன்.”

ஐம்பத்து மூன்று வயதில், நான் எழுதியதை முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை வாசித்த ஒருவரை இன்றுதான் பார்க்கிறேன். அதோடு நிற்காமல் அதை நம்பவும் செய்கிறாள்.

ஜனவரி 28, புதன்

கண்டதைக் கண்டபடி எழுதுகிறேன்.

ஆவுடைச்செல்வி போய் செபத்தியம்மாளிடம், “அக்கா, தாழ்ப்பாள் கிடைக்குமா?” என்று கேட்டாள். செபத்தியம்மாள் நூலகத்துக்குப் பின்னால் உள்ள பொருள் அறையைத் திறந்தார். உள்ளே பிரிக்காத அட்டைப் பெட்டிகளில் குடிநீர் வடிகட்டிகள் மூன்று. தாழ்ப்பாள்கள் ஒரு மூட்டை. நாப்கின் எரிக்கும் இயந்திரம். படிக்கட்டுக் கைப்பிடிக் குழாய்கள். யோசனைப் பெட்டிகூட ஒன்று, பூட்டோடு. என் கற்பனை என்று நான் பெருமைப்பட்ட அத்தனையும் எப்போதோ வாங்கப்பட்டு, மாணவர்கள் கைபட்டுக் கெட்டுவிடக் கூடாது என்று பூட்டிவைக்கப்பட்டிருந்தன.

“பதினொரு வருசமா சாவி எங்கிட்டதான் சார் இருக்கு. கேட்டா குடுத்திருப்பேன்,” என்றார் செபத்தியம்மாள்.

மாலைக்குள் இயற்பியல் மாணவர்கள் இருவர் ஒரு வடிகட்டியை மாட்டித் தண்ணீர் வரவழைத்தார்கள். குடித்துப் பார்த்தேன். ஏழாம் தீர்மானம். நான் எழுதிய ஒரு வாக்கியம் குளிர்ச்சியாகத் தொண்டையில் இறங்கியது. இப்படி ஓர் அனுபவத்தை எந்தப் பதிப்பாளரும் எனக்குத் தந்ததில்லை.

ஆவுடைச்செல்வி ஏழாம் தீர்மானத்தின் கீழ் கையெழுத்திட்டாள். இன்றைய தேதியோடு.

“தேதி 2024 ஆகஸ்ட் இருக்கணும்மா.”

“2024 ஆகஸ்ட்ல தண்ணி வரலயே சார்.”

பிப்ரவரி 3, செவ்வாய்

பத்தொன்பது தீர்மானங்கள் முடிந்தன. மாணவிகள் கூட்டமாகப் போய்த் தாழ்ப்பாள் போட்டுப் போட்டுப் பார்க்கிறார்கள். கோயிலில் மணி அடிக்கும்போது வரும் முகம்.

இன்று ஆவுடைச்செல்வி என் அறை வாசலில் நின்றாள். பின்னால் செபத்தியம்மாள்.

“இருபத்திரண்டு சார்.”

“அது... அது உதாரணத்துக்கு எழுதியதம்மா. அப்படி ஒரு பெண் இல்லை.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“சுப்புத்தாய் சார். எங்க வகுப்புதான். சின்னதுல காய்ச்சல் வந்து இடுப்புக்குக் கீழ வராது. படிக்கட்டுப் பக்கத்துல பக்கச் சக்கரம் வச்ச ஸ்கூட்டர் நிக்கும்லா, அது அவளோடது.”

அந்த ஸ்கூட்டரை எனக்குத் தெரியும். வழியை மறைக்கிறது என்று சொல்லியிருக்கிறேன்.

“எப்படி மேலே வருகிறாள்?”

“எட்டரைக்கு கேட்டைத் திறந்து விட்டிருவேன் சார்,” என்றார் செபத்தியம்மாள். “ஆளு வாரதுக்கு முன்ன நான் ஒரு பக்கம், ஆவுடை ஒரு பக்கம். தூக்கிட்டுப் போய் உக்கார வச்சிருவோம். எல்லாரும் போனப்புறம் இறக்குவோம். யாரும் பாக்கக் கூடாதும்பா. ரோசக்காரி.”

“வகுப்பில் என்ன எண்?”

ஆவுடைச்செல்வி தரையைப் பார்த்தபடி, “பத்தொன்பது சார்,” என்றாள்.

பிப்ரவரி 4, புதன்

எழுத ஒன்றுமில்லை. பல்பு மாற்றினேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

மூன்றாம் அறையைக் காலி செய்துவிட்டேன். மதிப்பீட்டுக் கோப்புகள் நூற்றுப் பன்னிரண்டு, இரும்பு அலமாரிகள் நான்கு, நான் ஒருவன், எல்லாம் இரண்டாம் மாடிக்கு. கோப்புகளை மாணவர்களே ஏற்றினார்கள். நானும் ஏழு கட்டுகளைச் சுமந்தேன். மொத்தம் நாற்பத்து நான்கு படிகள். மூச்சு வாங்கியது. ‘காகிதம் இவ்வளவு கனக்கும் என்றால்...’ என்று ஒரு வாக்கியத்தைத் தொடங்கினேன். முடிக்கவில்லை.

முதல்வர் கேட்டார்: “ஏசி ரூமை ஏன் சார் விட்டீங்க?”

“குறிப்பேட்டில் அப்படித்தான் இருக்கிறது மேடம். குழு வந்து ஒப்பிட்டுப் பார்த்தால்?”

“அட, ஆமா,” என்றார். கடமை உணர்ச்சி என்று நினைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை.

மூன்றாம் ஆண்டு வரலாறு இப்போது தரைத்தளத்தில். பத்தொன்பதாம் எண் இல்லாமல்.

பிப்ரவரி 10, செவ்வாய்

சுப்புத்தாயின் அப்பா மாற்றுச் சான்றிதழ் கேட்டு மனு கொடுத்திருக்கிறார். இடைநிற்றல் எண்ணிக்கை மதிப்பீட்டுக் குழுவின் கண்ணில் படக்கூடாது என்பதால், 26ஆம் தேதி வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். கல்லூரியைவிட்டுப் போவதற்குக்கூட நாங்கள் தேதி தருகிறோம்.

“அறை கீழே வந்துவிட்டதே, சொன்னாயா?” என்று ஆவுடைச்செல்வியைக் கேட்டேன்.

“சொன்னேன் சார். மாடி மட்டும்தான் காரணம்னா என்னைக்கோ நின்னிருப்பேன்னு சொல்லிட்டா.” பிறகு அந்த நோட்டை விரித்தாள். “இருபத்தொன்பது பாக்கி இருக்கு சார். ‘தொடர்ந்து வராத மாணவரின் இல்லத்துக்கு ஒருங்கிணைப்பாளர் நேரில் செல்வார்.’”

“செல்வார்” என்று எழுதியபோது அந்த ஒருங்கிணைப்பாளர் எனக்கு மிக நல்ல மனிதராகத் தெரிந்தார். பாத்திரத்துக்கு ஏற்ற ஆள் கிடைக்கவில்லை.

பிப்ரவரி 14, சனி

பேருந்தில் பதினான்கு கிலோமீட்டர், பிறகு நடை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடு. சுப்புத்தாய் மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஐரோப்பிய வரலாற்றுப் புத்தகம், நூல்கண்டு வைத்து விரித்த பக்கத்தோடு. என்னைப் பார்த்ததும் அவள் அப்பா பதறிப்போய்க் கலர் சோடா வாங்கக் கடைக்கு ஓடினார்.

“எதுக்கு சார் இவ்வளவு தூரம்?”

“தீர்மானம் இருபத்தொன்பது,” என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். “தெரியும் சார். ஆவுடை எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டினா. நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. அந்த இருபத்திரண்டுல ஒரு பொண்ணு வருவால்லா, தினமும் கண்ணீரோட படி ஏறுதான்னு. அது மட்டும் சரியில்ல. நான் ஒருநாளும் அழுதுக்கிட்டு ஏறல. செபத்தியக்கா சொல்லுத கதையைக் கேட்டுச் சிரிச்சு, ரெண்டு தடவ படியில விழப் பாத்தேன்.”

விரல்கள் நிற்கவே இல்லை. இலை, தூள், ஒரு சுருட்டு, ஒரு முடிச்சு. பேசும் வேகத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

“அன்றைக்கு நான் வகுப்பில் சொன்னது...”

“நல்ல ஜோக்குதான் சார் அது. நானே சிரிச்சிருப்பேன். ஆனா வகுப்புல ஒருத்தர் சிரிக்கல, பாத்தீங்களா? எல்லாரும் சிரிச்சிருந்தா மறுநாள் வந்திருப்பேன். சிரிக்காம மொத்த வகுப்பும் என்னையத் திரும்பிப் பாத்துச்சு. மூணு வருசமா யாரும் பாக்கக் கூடாதுன்னு எட்டரைக்கு வந்த ஆளு நான்.”

மன்னிப்புக் கேட்டேன். என்ன சொற்களில் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அவை நன்றாக அமையவில்லை.

“இங்க வச்சுக் கேட்டா எனக்கும் கோழிக்கும்தான் சார் கேக்கும்,” என்றாள். “அந்தக் குறிப்பேட்டுல எழுதுங்க. முப்பத்து நாலு குறை இருக்கு அதுல. ஒண்ணாவது நாங்க வந்து சொன்னதா? நாங்க சொல்லுத குறை ஒண்ணு ஏறட்டும். அன்னைக்கு வாரேன்.”

அப்பா ஆரஞ்சுக் கலரோடு வந்தார். குடித்தேன். பேருந்து வரும்வரை அவர் என்னோடு நின்று, “பிள்ள மரியாதைக் குறைவா ஏதும் சொல்லலயே சார்?” என்று மூன்று முறை கேட்டார். இல்லை என்று மூன்று முறை சொன்னேன். திரும்பும் வழி முழுவதும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். என்னிடம் பட்டம் மூன்று இருக்கிறது. ஒரு வகுப்பின் மௌனத்தை அவள் அளவுக்குச் சரியாக வாசிக்க எனக்குத் தெரியவில்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

முதல்வரிடம் பொதுவாகக் கேட்டுப் பார்த்தேன், ஒரு புகார் பதிவாவது பற்றி.

“மூணு வருஷத்தில் ஆசிரியர்கள் மீது புகாரே இல்லைன்னு அறிக்கை போயாச்சு சார். தவிர, முதல்வர் பதவி உயர்வுப் பட்டியல்ல உங்க பேர் இருக்கு. எழுத்தில ஒண்ணு வந்தா விசாரணை, விளக்கம்... யார் மேல அது?”

“யாரோ ஒருவர் மேல்,” என்றேன்.

பிப்ரவரி 18, புதன்

தலைவலி. விடுப்பு.

பிப்ரவரி 19, வியாழன்

விடுப்பு. தலைவலி இல்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

கல்லூரிக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். ஆவுடைச்செல்வி இருபத்தொன்பதில் கையெழுத்து மட்டும் போட்டாள். செபத்தியம்மாள் பதிவேட்டை என் மேசையில் வைத்து, கடைசி வெற்றுப் பக்கத்தில் விரித்துவிட்டு, மணி அடிக்கப் போய்விட்டார்.

பிப்ரவரி 23, திங்கள்

மதியம் இரண்டரை மணிக்குக் குறைதீர் குழு கூடியது. மூன்று ஆண்டுகளில் உண்மையாகக் கூடியது இதுவே முதல் முறை. வந்தவர்கள்: ஆவுடைச்செல்வி, செபத்தியம்மாள், நான். பொருள் ஒன்று.

எழுதி வாசித்துக் காட்டினேன்: “வரலாற்றுத் துறை ஆசிரியர் ஒருவர், மாற்றுத்திறனாளி மாணவி ஒருவர் எழுந்து நிற்காதது குறித்து, வகுப்பில் கவனக்குறைவாக ஒரு சொல்லைக் கூறியதாகப் புகார்.”

“கவனக்குறைவாவா சார் சொன்னீங்க?” என்றாள் ஆவுடைச்செல்வி.

“இல்லை. நன்றாக யோசித்துத்தான் சொன்னேன்.”

“அப்ப அத அடிச்சிருங்க.”

அடித்தேன்.

“ஒருவர்னா யாரு சார்?”

“எல்லோருக்கும் தெரியும்மா.”

“எல்லாருக்கும் தெரிஞ்சத எழுதுனா என்ன சார்?”

செபத்தியம்மாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெயரை எழுத எவ்வளவு நேரம் ஆகும் என்று இதற்கு முன் கவனித்ததில்லை. நா. பிறவிப்பெருமாள், இணைப் பேராசிரியர். சொன்ன சொல்லையும் மேற்கோள் குறிக்குள் எழுதினேன். தனியாகப் படிக்கும்போது அது அவ்வளவு நல்ல வாக்கியம் இல்லை.

பிப்ரவரி 24, செவ்வாய்

காலை ஒன்பதே கால். மூன்றாம் அறை. வருகைப் பதிவு.

பத்தொன்பது: “உள்ளேன் ஐயா.”

அடுத்த எண்ணைக் கூப்பிடக் கொஞ்சம் தாமதமானது. கண்ணாடியில் தூசி.

பிப்ரவரி 25, புதன்

மதிப்பீட்டுக் குழு வந்தது. மூன்று பேர். கோலம், சந்தனம், பன்னீர். தலைவர் எழுபதை நெருங்கியவர், கைத்தடியோடு வந்தார்.

“கோப்பெல்லாம் எங்கே?”

“இரண்டாம் மாடி சார்.”

“ஏன், கீழே இடம் இல்லையா?”

“கீழ வகுப்பு நடக்கு சார்,” என்றாள் ஆவுடைச்செல்வி.

அவர் நாற்பத்து நான்கு படிகளையும் ஏறினார், முதலாம் மாடியில் ஒருமுறை உட்கார்ந்து. கைப்பிடிக் குழாய் புதிது. அதைப் பிடித்துக்கொண்டார். முதல்வரின் முகத்தைப் பார்க்கும் துணிவு எனக்கு இல்லை.

பதிவேட்டைப் புரட்டினார். பாதியில் நிறுத்தினார். “கூட்டம் மூணு வருஷமா நடந்திருக்கு. கையெழுத்தெல்லாம் இந்த ஒரு மாசத் தேதியா இருக்கே?”

“இப்பத்தான் சார் நடந்துச்சு,” என்றாள் ஆவுடைச்செல்வி.

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கடைசிப் பக்கத்துக்குப் போனார். இரண்டு முறை வாசித்தார்.

“இந்தப் பிறவிப்பெருமாள்?”

“நான்தான் ஐயா.”

“எழுதியது?”

“அதுவும் நான்தான்.”

“‘எடுக்கப்பட்ட நடவடிக்கை’ காலியா இருக்கே. பொண்ணு திருப்தியாயிட்டாளா?”

எனக்குத் தெரியாது என்றேன். கேட்கலாம் என்று அவரே எழுந்தார். மறுபடி நாற்பத்து நான்கு படிகள். மூன்றாம் அறைக்குள் நுழைந்ததும் வகுப்பு எழுந்தது. சுப்புத்தாய் உட்கார்ந்தபடியே கைகுவித்தாள். தலைவர் அவள் பெஞ்சுக்குப் போய், எதிர் இருக்கையில் மெல்ல உட்கார்ந்து, பதிவேட்டை அவள் முன் வைத்தார். “உன் புகார் தீர்ந்துச்சாம்மா?”

அவள் பக்கத்தை வாசித்தாள். அவசரமில்லாமல், முழுதாக. பிறகு என்னைப் பார்த்தாள். இரவல் கொடுத்த பொருளைத் திருப்பி வாங்கும்போது உடைந்திருக்கிறதா என்று பார்ப்பார்களே, அப்படி.

“வந்து ரெண்டு நாளுதான சார் ஆகுது. பரீட்சை வரைக்கும் பாத்துட்டுச் சொல்லுதேன்.”

வகுப்பு சிரித்தது. கடைசி வரிசை உட்பட, மொத்தமாக. அவளும் சிரித்தாள். முதல்வர் சிரிக்கவில்லை. பட்டியலில் என் பெயர் இனி இருக்காது என்று அந்த முகத்தில் தெளிவாக வாசிக்க முடிந்தது. வாசிக்க நானும் கொஞ்சம் பழகிவிட்டேன்.

தலைவர் பேனாவை என்னிடம் நீட்டினார். ‘எடுக்கப்பட்ட நடவடிக்கை’ என்ற கட்டத்தில் ‘நிலுவையில்’ என்று எழுதினேன்.

ஆவுடைச்செல்வி அதை வாசித்துப் பார்த்துவிட்டு, கீழே கையெழுத்திட்டாள்.